இரைப்பையைச் சுருக்கும் முன் ஈரலைச் சுருக்க வேண்டும்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் மருத்துவர் முதலில் கை வைப்பது சோற்றில்தான். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குச் சோறு, இட்லி, தோசை, சர்க்கரை போட்ட காபி எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி. மூன்று வேளையும் அரிசியை நம்பியே அடுப்பு எரியும் தஞ்சாவூர், திருவாரூர் வீடுகளில் இது தண்டனையாகத் தெரியும். "எப்படியும் வயிற்றைச் சுருக்கப் போகிறார்கள், அதற்கு முன் ஆசை தீரச் சாப்பிட்டுக்கொள்ளட்டுமே" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை பரிந்து பேசுவார்கள். இந்தப் பரிவுக்கு மட்டும் காது கொடுக்கக் கூடாது.

காரணம் கல்லீரல். அதன் இடது மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கிறது. லேப்ராஸ்கோப்பி முறையில், வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் போட்டு, திரையைப் பார்த்தபடி வேலை செய்யும் அறுவை மருத்துவர் அந்த மடலைத் தூக்கிப் பிடித்தால்தான் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் கண்ணில் படும். பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட ஈரல் பருத்து, கனத்து, கருவி பட்டாலே இரத்தம் கசியும் நிலையில் இருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அது தன்னிடம் உள்ள கிளைக்கோஜன் சேமிப்பை, அதாவது சேர்த்து வைத்த சர்க்கரையை, முதலில் செலவழிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்த நீரும் போய்விடும். அடுத்து கொழுப்பு குறையத் தொடங்கும். இரண்டு வாரத்தில் ஈரல் நன்றாகவே சுருங்கிவிடுகிறது. கடைசி இரண்டு நாளில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் கிளைக்கோஜன் மறுபடி நிரம்பிவிடும்.

சர்க்கரை நோயாளிகள் இங்கே கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு ஒழுங்காகத் தெரியும்போதே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடக்கூடும். எனவே உணவுப் பட்டியலோடு மாத்திரைப் பட்டியலையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். எண்டோஸ்கோப்பி, தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்ற சோதனை, இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகள் எல்லாம் வழக்கமான முன்னேற்பாடுகள். புகைப்பதை மட்டும் நிறுத்தினால் போதாது. வெற்றிலையோடு ஒதுக்கும் புகையிலையிலும் நிகோடின் உண்டு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தைத்த இடம் ஆறுவதைக் கெடுக்கும். கும்பகோணம் வெற்றிலைக்கு இதில் பங்கில்லை. குற்றவாளி அதற்குள் மடித்து வைப்பதுதான்.

யாருக்கு இந்தச் சிகிச்சை? உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பிஎம்ஐ 35-ஐத் தாண்டினால் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். ஆசியர்களுக்கு அந்த எல்லை 27.5. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுகின்றன என்பதே காரணம்.

இப்போது அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. இரைப்பையின் வெளிவளைவு நெடுக ஸ்டேப்ளர் கருவியால் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிடுவார்கள். எஞ்சுவது ஒரு குறுகிய குழாய். பை சிறிதாகிவிட்டதால் குறைவாகச் சாப்பிடுகிறார் என்பது பாதிக் கதைதான். அகற்றப்படும் மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டறிந்தது இது. அந்தப் பகுதி போனதும் மூளைக்குப் போகும் பசிச் செய்தி மெலிகிறது.

பைபாஸ் முறையை 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கினார். இன்றைய வடிவத்தில், சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் இரைப்பையின் உச்சியில் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு இணைக்கிறார்கள். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிவது போல உணவும் செரிமான நீரும் தனித்தனி வழியில் ஓடுகின்றன; ஆறுகளைப் போலன்றி, இவை இரண்டும் கீழே ஓரிடத்தில் கலந்தாக வேண்டும். அரைகுறையாகச் செரித்த உணவு குடலின் பின்பகுதிக்கு விரைவாகப் போவதால் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வதும், இன்சுலினைத் தூண்டுவதும் இவைதான். எடை இறங்கும் முன்பே, சில நாட்களில் பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருவதில் இவற்றுக்கும் உணவு குறைந்ததற்கும் பங்கு உண்டு.

அறுவை முடிந்த அன்று மாலையே எழுந்து நடக்க வைப்பார்கள். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கவும், நுரையீரல் முழுதாக விரியவும்தான் அது. தோளில் வலிக்கிறது என்று பலர் பயப்படுவார்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் அந்த வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் அதோடு நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது ஏதேனும் சேர்ந்தால், தையலில் கசிவு இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கசிவு வீடு திரும்பிய பிறகும் வரலாம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக்காரர்கள் முதல் பத்து நாளாவது அறுவை செய்த ஊரிலேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது என்பேன்.

அடுத்த பெரிய வேலை தண்ணீர் குடிப்பது. கேட்க எளிது. புதிய இரைப்பை வீங்கியிருக்கும். ஒரு மடக்கு கூடுதலானால் நெஞ்சில் கல் வைத்தது போல அடைக்கும். மருந்து குடிக்கும் அவுன்ஸ் கிளாஸில் 30 மில்லி ஊற்றி, கால் மணி நேரத்துக்கு ஒன்றாகக் குடித்தால், விழித்திருக்கும் 15 மணி நேரத்தில் 1800 மில்லி உள்ளே போகும். இந்த நிதானம் தவறி உடல் வறண்டுபோய் மறுபடி மருத்துவமனையில் சேர்பவர்கள் ஏராளம். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றையும் விட வேண்டும்: அண்ணாந்து குடிப்பது. வாயில் படாமல் ஊற்றும்போது தண்ணீரோடு காற்றையும் விழுங்குகிறோம். குறுகிய குழாயில் அந்தக் காற்று வலியாகத் திரும்பி வரும். உதடு வைத்துச் சப்பிக் குடிப்பதுதான் வழி, ஆசாரம் பார்க்கும் பாட்டி முகம் சுளித்தாலும்.

தெளிந்த நீர், மோர், பருப்புத் தண்ணீர் என்று தொடங்கி, மசித்த உணவு, குழைந்த உணவு என ஏறி, வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இதற்குள் பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் திராட்சையும் வாங்கி வந்து அடுக்கியிருப்பார்கள். இரண்டிலும் இனிப்புதான் அதிகம். இவருக்கு வேண்டியதோ புரதம், நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் 4 கிராம்தான் இருக்கும், ஒரு முட்டையில் 6. எனவே இலையின் வரிசையே தலைகீழாகிறது: முதலில் மீன், முட்டை, பனீர் அல்லது சுண்டல், பிறகு காய், இடம் மிஞ்சினால் இரண்டு கரண்டி சோறு. நாகப்பட்டினத்துக் கடல் மீனோ வாய்க்கால் விராலோ 100 கிராம் சாப்பிட்டால் 20 கிராம் புரதத்துக்கு அருகில் வந்துவிடும். மூன்றாம் மாதம் முடி கொட்டும். வேகமாக எடை இறங்கும் எந்த உடலும் செய்வதுதான் அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் மீண்டும் முளைக்கும்.

பைபாஸ் செய்துகொண்டவர் திருவையாற்று அசோகா அல்வாவை ஒரு கை பார்த்தால் என்ன ஆகும்? அடர்த்தியான சர்க்கரை நேராகக் குடலில் விழுந்து, உடலிலிருந்து நீரை உள்ளே இழுக்கும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது அடி விழும்: அளவுக்கு மீறிச் சுரந்த இன்சுலினால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும்.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது அல்வாவுக்கு அல்ல, குளுக்கோஸ் பாட்டிலுக்கு. வைட்டமின் பி1 எனப்படும் தயமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகளுக்குக் கால் முடங்கியதை ஜாவாவில் கவனித்த எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெரிபெரி நோயின் காரணம் இந்தச் சத்தின் குறைவுதான். நெல்லை ஊற வைத்துப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்குவதால் டெல்டாவின் புழுங்கல் சோறு ஓரளவு காப்பு. இரண்டு கரண்டி சோற்றில் அந்தக் காப்பு எங்கே? அறுவைக்குப் பிறகு விடாமல் வாந்தி எடுப்பவருக்குத் தயமின் சீக்கிரமே தீர்ந்துபோகும். அவர் தெரு முனைக் கிளினிக்கில் "அசதியாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்கிறார். குளுக்கோஸை எரிக்கவும் தயமின் வேண்டும். மிச்சமிருந்த கொஞ்சமும் அதில் போய்விட, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மனம் குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் மூளையில் நிரந்தரச் சேதம் ஏற்படும். தயமின் ஊசியை முதலில் போட்டுவிட்டால் இதைத் தவிர்க்கலாம். அதன் விலையும் சொற்பம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ஆயுளுக்கும் தொடரும். பி12-ஐ உறிஞ்சத் துணைசெய்யும் புரதம் இரைப்பையில் சுரப்பது. இரும்பு உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைப் பைபாஸில் உணவு தொடுவதே இல்லை. கால்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். கருத்தரிப்பதை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

வெளியூர் போகும்போது பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும். எந்த அறுவை சிகிச்சை, எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில் என்பது முதல் வரி. குளுக்கோஸுக்கு முன் தயமின் என்பது இரண்டாவது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், புண் வரும் என்பது மூன்றாவது. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்த நேர்ந்தால் அறுவை செய்த மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செலுத்தவும் என்பது நான்காவது. கீழே அவருடைய தொலைபேசி எண்.