பிசறினால் ஸ்கோன், பிசைந்தால் ரொட்டி

பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி, மணிக்கணக்கில் ஊற வைக்கிறோம். வீசினால் கிழியாமல் மெல்லிய துணிபோல விரிய வேண்டும் என்பதற்காக. தேநீரோடு சாப்பிடும் பிரிட்டிஷ் பண்டமான ஸ்கோனுக்கும் அதே மைதாதான். ஆனால் அங்கே மாவு இழுபடவே கூடாது. விரலால் பிட்டால் பொலபொலவென்று விள்ள வேண்டும், வாயில் வைத்தால் மெல்லும் வேலை அதிகம் இருக்கக் கூடாது. ஸ்கோன் செய்முறையின் ஒவ்வொரு படியும் மைதாவுக்குள் இருக்கும் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்வதைத் தடுப்பதற்காகவே இருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் அளவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஸ்கோன் ஸ்காட்லாந்துப் பண்டம். 1513-இல் முடிந்த ஒரு ஸ்காட் மொழிபெயர்ப்பு நூலிலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. அந்தக் காலத்து ஸ்கோன், ஓட்ஸ் அல்லது பார்லி மாவைத் தட்டி இரும்புக் கல்லில் சுட்ட தட்டையான ரொட்டி. இன்று தேநீரோடு வரும் உயரமான, உள்ளே வெள்ளையான ஸ்கோனுக்கு வழிவிட்டது 19-ஆம் நூற்றாண்டு வேதியியல். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் 1843-இல் பேக்கிங் பவுடர் தயாரித்தார். 1845-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ், உப்பவைக்கும் பொருளை மாவிலேயே கலந்து விற்கக் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் சமையல் குறிப்புகளில் வரும் ‘செல்ஃப் ரைசிங்’ மாவு அதுதான். பெயரை ஸ்காட்லாந்தில் ‘ஸ்கான்’ என்பார்கள், இங்கிலாந்தில் ‘ஸ்கோன்’ என்பவர்களும் நிறைய உண்டு.

பழைய பிரிட்டிஷ் கணக்கு 8 அவுன்ஸ் மாவு, 2 அவுன்ஸ் வெண்ணெய், 1 அவுன்ஸ் சர்க்கரை, கால் பைண்ட் பால். நம் அளவில் 225 கிராம் மைதா, 55 கிராம் வெண்ணெய், 25 கிராம் பொடித்த சர்க்கரை, 140 முதல் 150 மில்லி பால். சாதா மைதாவாக இருந்தால் 12 கிராம் பேக்கிங் பவுடர், அதாவது தலை தட்டிய 3 தேக்கரண்டி. கால் தேக்கரண்டி உப்பு, உப்பு போட்ட வெண்ணெய் என்றால் அதுவும் வேண்டாம். 5 சென்டிமீட்டர் அகல அச்சில் இதற்கு 8 ஸ்கோன் வரும்.

கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரு புரதங்கள் இருக்கின்றன. காய்ந்த மாவில் அவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் ஒன்றோடு ஒன்று பிணைந்து குளூட்டன் என்ற இழுவையான வலையாகும். பிசையப் பிசைய அந்த வலை நீளும், இறுகும். ஈஸ்ட் ரொட்டிக்கு அது தேவை, ஏனென்றால் ஈஸ்ட் பல மணி நேரம் மெதுவாக விடும் வாயுவைப் பிடித்து வைக்க உறுதியான பை வேண்டும். ஸ்கோன் உப்புவது ஓவனுக்குள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு நொய்ந்த சுவர் போதும். சுவர் உறுதியானால் ஸ்கோன் உயராமல் குறுகி, மறுநாள் பன்போல ரப்பராகிவிடும்.

இதைத் தடுக்கும் முதல் ஆள் வெண்ணெய். தண்ணீர் சேர்க்கும் முன்பே வெண்ணெயை மாவோடு பிசறிவிட்டால் மாவுத் துகள்கள் பலவற்றின்மேல் கொழுப்புப் பூச்சு ஏறிவிடும். பூச்சு ஏறிய துகளுக்குள் தண்ணீர் எளிதில் நுழையாது. நுழையாத இடத்தில் வலை பின்னாது. உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் மாவையும் வெண்ணெயையும் அள்ளித் தூக்கி, உரசி உதிர்க்க வேண்டும். புட்டு மாவு பிசறியவர்களுக்கு இந்தப் பதம் கைக்குத் தெரியும்: பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். அங்கங்கே பட்டாணி அளவில் வெண்ணெய்க் கட்டி நின்றால் பரவாயில்லை, ஸ்கோன் சற்று அடுக்கு அடுக்காக விள்ளும்.

வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்று எல்லாக் குறிப்பும் சொல்லும், ஏன் என்று சில குறிப்புகளே சொல்லும். வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளரத் தொடங்கி, 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். உருகிய வெண்ணெய் துகளைச் சுற்றி நிற்காமல் மாவுக்குள் ஊறிப் பிசுபிசுத்த களியாகும். இந்தச் செய்முறை பிறந்த ஊர்களில் சமையலறையே குளிர்ச்சியாக இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அறையின் சூடே வெண்ணெயை உருக்கப் போதும். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள், அல்லது உறைந்த கட்டியைக் காய் துருவியில் துருவிவிடுங்கள். மாவையும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. பாதியில் வெண்ணெய் மினுங்கத் தொடங்கினால் கையை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை அப்படியே குளிரில் வைக்கலாம், அவசரமே இல்லை. நெய் இதற்குச் சரிவராது. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் உண்டு, ஓவனில் அது ஆவியாகி உப்பலுக்குக் கை கொடுக்கும். நெய்யில் அது கிடையாது, வெயிலில் நெய் கட்டியாகவும் நிற்காது.

அவசரம் தொடங்குவது பால் ஊற்றியபின். நடுவில் குழி செய்து குளிர்ந்த பாலில் 120 மில்லியை ஒரே தடவையில் ஊற்றி, மழுங்கிய கத்தியால் வெட்டுவதுபோலக் கிளறுங்கள். கையோ கரண்டியோ மாவை அழுத்தும், கத்தி அழுத்தாது. மைதா ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு அளவில் நீர் குடிக்கும், அதனால் மீதிப் பாலைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். விரலில் லேசாக ஒட்டும் ஈர மாவே சரியான பதம். சப்பாத்தி மாவுபோல வழவழப்பாக வந்துவிட்டால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம். காய்ந்த மாவு அங்கங்கே தெரியும்போதே நிறுத்தி, பலகையில் கொட்டி, நாலைந்து முறை மடித்துச் சேர்த்தால் போதும்.

இனி வாயு. பேக்கிங் பவுடரில் ஆப்ப சோடா, உலர்ந்த அமிலப் பொடி, இரண்டையும் ஈரத்திலிருந்து காக்கும் மாவுச்சத்து என மூன்று பொருள்கள் இருக்கும். ஆப்ப சோடாவும் அமிலமும் தண்ணீரில் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். 12 கிராம் பேக்கிங் பவுடர் மொத்தத்தில் முக்கால் லிட்டருக்கு மேல் வாயு தரவல்லது. நம் மாவின் பருமன் அரை லிட்டர்கூட இல்லை. ஆகவே வாயுவுக்குப் பஞ்சமில்லை, அதில் எவ்வளவு உள்ளே தங்குகிறது என்பதில்தான் உயரம் இருக்கிறது.

பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. வாயு முதலில் மாவின் ஈரத்தில் கரைகிறது, பிறகு ஏற்கெனவே மாவில் சிக்கியிருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. சலிப்பதும், தூக்கித் தூக்கிப் பிசறுவதும் இந்தக் காற்று விதைகளைத் தூவும் வேலை. அழுத்திப் பிடித்த மாவில் குமிழிகள் குறைவு, இருப்பவையும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய ஓட்டைகளாகும்.

எந்த அமிலம் என்பதைப் பொறுத்து நேரக் கணக்கு மாறும். டப்பாவின் பின்புறம் பாருங்கள், சேர்பொருள்களை ஐ.என்.எஸ். எண்களாகக் குறித்திருப்பார்கள். ஐ.என்.எஸ். 500 என்பது சோடா. 336 என்றால் திராட்சை மது தயாரிப்பில் கிடைக்கும் டார்ட்டார் உப்பு, ஈரம் பட்ட சில நிமிடங்களில் பெரும்பகுதி வாயுவை விட்டுவிடும். 341 கால்சியம் பாஸ்பேட், இதில் வழக்கமாகச் சேர்க்கும் வகையும் சீக்கிரமே வேலை தொடங்கும். 450 சோடியம் பைரோபாஸ்பேட், பெரும்பகுதி வாயுவைச் சூடு ஏறும்வரை இருப்பில் வைத்திருக்கும். 450 உள்ள பவுடர் என்றால் வெட்டிய ஸ்கோனை 15, 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கலாம், வெண்ணெய் மறுபடி இறுகும். டார்ட்டார் மட்டும் என்றால் நேரே ஓவனுக்குப் போய்விட வேண்டும். டப்பா பழையதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு தேக்கரண்டியை அரை டம்ளர் வெந்நீரில் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

பேக்கிங் பவுடருக்குப் பதில் வெறும் ஆப்ப சோடா போட்டால் என்ன? அமிலம் இல்லாத சோடா சூட்டில் மட்டுமே சிதையும், தன்னிடம் உள்ள வாயுவில் பாதியைத்தான் தரும். மீதி சோடியம் கார்பனேட்டாக மாவிலேயே தங்கி, சோப்பு வாடையும் மஞ்சள் நிறமும் கொடுக்கும். புளித்த தயிர் சேர்த்தால் கதை வேறு. பாலுக்குப் பதில் 100 மில்லி புளித்த தயிரை 50 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் தேக்கரண்டி சோடாவோடு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடலாம். அவ்வளவு தயிரின் லாக்டிக் அமிலத்துக்கு அந்தக் கால் தேக்கரண்டி சோடா கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், மீதி உப்பலைப் பவுடர் பார்த்துக்கொள்ளும். தயிர் ஸ்கோன் கூடுதல் மென்மையாக வரும், பால் ஸ்கோனைவிட இதையே நாங்கள் சிபாரிசு செய்வோம். சூரியகாந்தி விதை சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சோடா மிகுந்தால் விதையைச் சுற்றிப் பச்சை நிறம் படரும். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து நிறம் மாறுவதால் வருவது, உடலுக்குக் கேடில்லை.

பூரிக்கட்டை வேண்டாம். கையாலேயே 2.5 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். ஸ்கோன் குட்டையாக வருவதற்கு மாவை மெல்லிசாகத் தட்டியதே காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அச்சை மாவில் தோய்த்து நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓர விளிம்பு இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், ஒரு பக்கம் தடைபட்டு ஸ்கோன் சாய்ந்து எழும். விளிம்பு சுருட்டிய எவர்சில்வர் டம்ளரும் இதே தவறைத்தான் செய்யும். கூரான அச்சு இல்லாவிட்டால் கத்தியால் சதுரமாக வெட்டுவது மேல், துண்டு மாவும் மிஞ்சாது. மிஞ்சியதைச் சேர்த்துத் தட்டிய இரண்டாம் சுற்று ஸ்கோன் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். மேலே பாலோ முட்டையோ தடவும்போது பக்கவாட்டில் வழிய விடாதீர்கள். வழிந்த முட்டை வெந்து இறுகி, ஸ்கோனைத் தட்டோடு ஒட்டிவிடும்.

ஓவன் 220 டிகிரி, விசிறி ஓடினால் 200. வீட்டு ஓடிஜியில் மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, தட்டையும் உள்ளே வைத்து 15 நிமிடம் சூடாக்குங்கள். ஸ்கோன்களை ஒரு விரல் இடைவெளியில் நெருக்கமாக வைத்தால் பக்கவாட்டில் பரவாமல் மேல்நோக்கி எழும். உள்ளே நடப்பது ஒரு பந்தயம். 35 டிகிரியில் வெண்ணெய் உருகுகிறது. 50, 60 டிகிரியைத் தாண்டும்போது பவுடர் மீதி வாயுவை விடுகிறது. 60 டிகிரியை ஒட்டி மாவுச்சத்து நீர் குடித்து வீங்கத் தொடங்குகிறது, 70-ஐத் தாண்டினால் புரதம் இறுகுகிறது. 100-ஐ நெருங்கும்போது நீராவி தள்ளுகிறது. குமிழி விரிவது முதலில், சுவர் இறுகுவது அதன் பின்னாலேயே. இரண்டுக்கும் நடுவே நேரம் நீண்டால் வாயு கசிந்துவிடும். 160 டிகிரியில் நிதானமாக வேகவைத்த ஸ்கோன் தட்டையாக, வெளிறி, வறண்டு போவது இதனால்தான். காய்ந்த மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போகும்போது பால் சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வரும்.

12 முதல் 14 நிமிடத்தில் எடுக்கலாம். அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டிபோலச் சத்தம் கேட்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 93 முதல் 95 டிகிரி. மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் மேல் கம்பி பக்கத்தில் இருக்கிறது, தட்டை ஒரு படி இறக்குங்கள். நடுவில் இறுக்கமான ஈரக் கோடு தெரிந்தால் வேகும் நேரம் போதவில்லை. சர்க்கரையைக் கூட்டினால் இனிப்பதோடு நிற்காது, அது தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து மாவுச்சத்து வீங்கும் வெப்பநிலையை உயர்த்தும், ஸ்கோன் இறுகுமுன் பரவிவிடும். அதிக இனிப்பு வேண்டுமென்றால் ஜாமில் தேடலாம்.

ஜாம் என்றதும் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனும் கார்ன்வாலும் வந்துவிடும். டெவனில் முதலில் கிளாட்டட் கிரீம், அதன்மேல் ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம். நீண்ட நேரம் மிதமாகச் சூடாக்கி, ஆடைபோலத் திரட்டி எடுக்கும் அந்தக் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு உண்டு. ஆறிய ஸ்கோனில் அது வெண்ணெய்போல நிற்கும், சூடான ஸ்கோனில் ஜாமை முதலில் தடவினால் கிரீம் உருகி வழியாது.

ஸ்கோனுக்கு ஆயுள் ஒரு நாள். ஆறியபின் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி அடுக்கு சேர்ந்து இறுகுவதால் காய்ந்ததுபோல ஆகிறது. இந்த மாற்றம் ஃபிரிட்ஜின் குளிரில் வெளியில் நடப்பதைவிட வேகமாக நடக்கும், அதனால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஃப்ரீசரில் அது ஏறக்குறைய நின்றுவிடும். மிஞ்சியதை அன்றே உறைய வைத்து, வேண்டும்போது 160 டிகிரியில் 8, 10 நிமிடம் சூடாக்கினால் மென்மை திரும்பும். வேகாத ஸ்கோனையும் வெட்டிய கையோடு உறைய வைக்கலாம், 450 உள்ள பவுடராக இருந்தால் மட்டும். உருக விடாமல் கட்டியாகவே ஓவனில் வைத்து, வழக்கமான நேரத்தோடு 3, 4 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.