கடைசி நாள் கடலில் இறங்காதீர்கள்

தோள்பட்டை வலி என்று வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். "சிலிண்டர் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சு போல, டாக்டர்" என்றார். எங்கே தூக்கினீர்கள் என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பொனேர் தீவு. காற்றடைத்த சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூழ்குகிறார்களே, அந்த ஸ்கூபா டைவ்தான். ஆறு நாளில் பத்தொன்பது. சரி, கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினீர்கள்? "கிளம்புற அன்னைக்குக் காலையில. ஃப்ளைட் மத்தியானம்தானே."

அந்தத் 'தானே'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொனேர், வெனிசுவேலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கும் டச்சுத் தீவு. 1979லேயே சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக்கிக் காப்பாற்றி வருகிறார்கள். பல இடங்களில் டைவ் அடிக்கப் படகு வேண்டும், படகுக்கு நேரம் உண்டு. இங்கே ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் சிலிண்டர்களைப் போட்டுக்கொண்டு கடலோரச் சாலையில் போனால் போதும். எங்கே இறங்கலாம் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட் அடித்த கல் இருக்கும். வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடந்தே கடலுக்குள் போகலாம். (வண்டிக்குள் பணம், கேமரா எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.) 1984ல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல்கூடக் கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது.

கடல் இவ்வளவு கிட்டே இருந்தால் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றுதான் மனசு சொல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும், ஆழத்தின் அழுத்தத்தில், சிலிண்டரிலிருந்து மூச்சிழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தவுடன் அது முழுக்கப் போய்விடாது, மெதுவாகத்தான் வெளியேறும். மறுநாள் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேரும். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஊட்டியின் காற்றழுத்தம். அது போதும், மிச்சமிருக்கும் நைட்ரஜன் கோலி சோடா உடைத்த மாதிரி குமிழ் விட. மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப்போகும், சிறுநீர்கூட அடைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். நான் எல்லோருக்கும் 24 என்றே சொல்கிறேன். ஆறு மணி நேரம் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

அந்த ஒரு நாளில் தீவைச் சுற்றிப் பாருங்கள். தெற்கே உப்பளத் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும், பக்கத்தில் மலைபோல் உப்பு, தூரத்தில் பூநாரைகள். கடலோரமாக 1850ல் கட்டிய அடிமைக் குடிசைகள். வாசல் இடுப்பளவுதான், தவழ்ந்துதான் நுழைய முடியும். வாரம் முழுக்க உப்பு வாரியவர்கள் அதற்குள் படுத்துவிட்டு, குடும்பத்தைப் பார்க்க ரின்கோன் ஊருக்கு மணிக்கணக்கில் நடந்தே போனார்கள். 1863ல்தான் விடுதலை. ஒரு செல்ஃபியோடு திரும்புகிற இடமில்லை அது.

வடக்கே பிராண்டாரிஸ் குன்று 241 மீட்டர்தான், முந்தைய நாளே டைவை முடித்தவர்கள் தாராளமாக ஏறலாம். ஆனால் கரீபியனின் இன்னொரு டச்சுத் தீவான சாபாவுக்கு டைவ் அடிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே மவுண்ட் சீனரி 800 மீட்டருக்கு மேல். காலையில் டைவ், மாலையில் மலை என்று திட்டம் போடாதீர்கள். மலையும் ஒரு சின்ன விமானம்தான்.

டைவ் முடித்து ஒரு நாளுக்குள் மூட்டு வலி, தோலில் அரிப்பு, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி என்று எது வந்தாலும் உடனே டைவ் கடையில் சொல்லி ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். காற்றழுத்தத்தைக் கூட்டி அந்தக் குமிழ்களைச் சுருக்கும் அழுத்த அறை பொனேரிலேயே இருக்கிறது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறுவதைவிட மோசமான முடிவு கிடையாது.

நம்மவர் நான்கு நாள் தைலம் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அழுத்த அறையில் இரண்டு முறை உட்கார்ந்த பிறகுதான் அவரால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடிந்தது.