காக்கா ஆழி கண்ணில் படும் முன்

எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் சிப்பியின் அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல் வழியாக வந்திருக்கும் என்பதே பெரும்பாலோர் கணிப்பு. சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து, இறால் புதையும் இடத்தையும் மட்டிகளையும் மூடிவிடுகிறது. சேற்றைத் தடவி இறால் பிடிப்பவரின் விரல்களில் அது தட்டுப்படும்போது காலம் கடந்துவிடுகிறது.

அதற்கு முன்பே அது நீரில் இருந்தது, மிதவை உயிரியாக. சிப்பிகளின் இளம் லார்வாக்கள் தண்ணீரில் மிதந்து திரிந்துவிட்டுத்தான் ஓரிடத்தில் ஒட்டும். நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே அரைவட்ட ஓடுகள். நம் கரையின் பச்சை ஆழியா, காக்கா ஆழியா? இருபது ஆண்டுகளாக மிதவை உயிரிகளை எண்ணிவரும் எனக்கும் சொல்லத் தெரியாது. இனத்துக்கு இனம் வேறுபடும் 'சிஓஐ' மரபணுவின் சிறு துண்டைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஆனால், முதலில் வலை. நாம் வழக்கமாக இழுக்கும் 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கண் வலை, கோப்பிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளுக்கானது. நூறு மைக்ரானைத் தொடாத இளம் லார்வா அதில் நழுவிவிடும். இதற்கென்று நுண்ணிய கண் வலையைத் தனியாக இழுக்க வேண்டும், அல்லது ஓரிரு லிட்டர் நீரை மென்சவ்வில் வடிகட்டி, அதில் தங்கும் டிஎன்ஏவைப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது பாட்டில். எங்கள் அலமாரியில் பல ஆண்டு மாதிரிகள் வரிசையாக இருக்கின்றன, எல்லாம் ஃபார்மலினில். உடலைக் காக்கும் ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். காக்கா ஆழி எந்த ஆண்டு நுழைந்தது என்று அவற்றைக் கேட்டுப் பயனில்லை. அந்தத் தவறு எங்களுடையது. இப்போது ஒவ்வொரு இழுப்பிலும் பாதியை 95 சதவீத எத்தனாலில் போடுகிறோம். மறுநாள் எத்தனாலை மாற்றியாக வேண்டும். மாதிரியில் இருக்கும் கடல்நீர் அதை நீர்க்கச் செய்துவிடும்.

டிஎன்ஏ பெயர் சொல்லும். எத்தனை என்று சொல்லாது. ஒப்பிடும் டிஎன்ஏ தொகுப்பில் அந்த உயிரி இல்லையென்றால் பெயரும் கிடைக்காது. அத்தொகுப்பை நிரப்ப, உயிரியைக் கையில் எடுத்து அடையாளம் காணத் தெரிந்தவர் வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதில்லை.

கப்பல்கள் சமநிலைக்காக ஓரிடத்தில் ஏற்றி வேறிடத்தில் கொட்டும் நிலைப்பு நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், சுத்திகரித்த நீரில் செத்த லார்வாவின் டிஎன்ஏவும் மிதக்கும். ஆகவே துறைமுக நீரில் அந்நிய இனத்தின் தடயம் கிடைத்தால், அறிக்கை எழுதும் முன் படகெடுத்துப் போய்த் தூண்களையும் மிதவைக் கயிறுகளையும் சுரண்டிப் பார்க்கிறோம்.