அமெரிக்க விசா இருக்கே, சிங்கப்பூர் ஃப்ரீதானே?

நான் டிராவல் ஏஜென்ட். போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்குச் சென்னை விமான நிலையத்திலிருந்து போன். "சார், கவுண்டர்ல போர்டிங் பாஸ் தரமாட்டேங்கிறாங்க." அப்பா, அம்மா, பத்து வயது மகள், கூடவே பாட்டி. சிங்கப்பூரில் இரண்டு நாள், அங்கிருந்து பஸ்ஸில் மலேசியாவின் ஜொகூர் பாரு போய் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா, அப்புறம் கோலாலம்பூரிலிருந்து வீடு. எல்லா டிக்கெட்டும் போன் செய்தவரே ஆன்லைனில் போட்டது. பாட்டியைத் தவிர மூவரிடமும் பத்து வருட அமெரிக்க விசா. "அது இருந்தா 96 மணி நேரம் ஃப்ரீன்னு வீடியோவுல சொன்னாங்களே சார்!"

இப்படி எத்தனை போன் வந்தது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் தருவது, 96 மணி நேரம் வரை விசா இல்லாத டிரான்சிட். அந்த 'டிரான்சிட்' என்ற சொல்லைத்தான் யாரும் படிப்பதில்லை. வேறொரு நாட்டுக்குப் போகும் வழியிலோ, வரும் வழியிலோ இறங்கிப் பார்ப்பதற்குத்தான் இந்தச் சலுகை. சென்னையில் ஏறி, சிங்கப்பூர் பார்த்து, சென்னைக்கே திரும்பினால் அது சுற்றுலா. ஒரே ஒரு நாள் தங்கினாலும் சுற்றுலாதான். "நான் 72 மணி நேரம்தான் இருக்கப்போறேன், இன்னும் 24 மிச்சம் இருக்கு" என்று ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் வாதாடினார். மிச்சம் பிடிக்க இது செல்போன் டேட்டா இல்லை, ஐயா. மூன்றாவது நாடு ஒன்று பயணத்தில் இல்லையென்றால் அந்த 96 மணி நேரம் உங்களுக்கு இல்லவே இல்லை.

அடுத்தது, தலைக்கு ஒரு கணக்கு. கணவரின் விசா மனைவியைக் காப்பாற்றாது; மகனின் விசா பாட்டியைக் காப்பாற்றாது. கைக்குழந்தைக்கும் தனியாகத் தகுதி வேண்டும். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் விசாதான் கணக்கில் வரும். பிரான்ஸ் கொடுத்த ஷெங்கன் விசாவை நீட்டிப் பயனில்லை.

இந்தக் குடும்பம் மாட்டியது பஸ்ஸிலும்தான். மலேசியா மூன்றாவது நாடு என்பது சரி. 2026 கடைசி வரை இந்தியர்கள் அங்கே 30 நாள் வரை தங்க விசாவும் வேண்டாம். ஆனால் இந்தச் சலுகையில் சிங்கப்பூருக்குள் எப்படி வேண்டுமானாலும் வரலாம். வெளியேறுவது மட்டும் விமானத்திலோ கப்பலிலோதான். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸில் சில நிமிடம். ஆனாலும் பஸ் டிக்கெட் செல்லாது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகு டிக்கெட் என்றால் செல்லும். இந்தோனேசிய விசாவை அப்போது தனியாகப் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டியைத் தவிர்த்துப் பார்த்தால், இதே பயணத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தால் போதும். முதலில் கோலாலம்பூர், பிறகு ஜொகூர், பஸ்ஸில் சிங்கப்பூர், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம். அப்போதும் கடைசி முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையில்தான்.

கவுண்டர் ஊழியரோடு சண்டை போடாதீர்கள். அனுமதி இல்லாதவரை ஏற்றிப் போனால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில். திரையில் விதி என்ன சொல்கிறதோ அதைத்தான் அவர் செய்வார்.

பாட்டியோ, தாத்தாவோ, விசா இல்லாத ஒருவரோ கூட வந்தால் இந்தக் குறுக்கு வழியே வேண்டாம். முறையான சிங்கப்பூர் விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்தால் நிம்மதி. சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், அதற்கும் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

அவர்கள் மறுநாள் புது டிக்கெட் போட்டு நேரே கோலாலம்பூர் போனார்கள். சிங்கப்பூர் ஹோட்டல் பணம் திரும்பவில்லை. தயவுசெய்து டிக்கெட் போடும் முன் போன் பண்ணுங்கள், கவுண்டரில் நின்றுகொண்டு வேண்டாம்.