மழையைத் தடுத்து வியர்வையை வெளியே விடும் ஷூ

புனேயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூலையில் ஹரிச்சந்திரகட் கோட்டைக்கு ஏறப் போகிறோம், டிசம்பரில் உத்தராகண்டில் கேதார்காந்தா. ஒரு பக்கம் மழையும் பாறையும், இன்னொரு பக்கம் பனி. ஒரே வாட்டர்ப்ரூஃப் ஷூ இரண்டுக்கும் போதுமா?"

போதாது. கேதார்காந்தாவுக்கு அந்த ஷூ அருமையானது. ஹரிச்சந்திரகட் இருக்கும் சஹ்யாத்ரிக்கு, அதாவது மகாராஷ்டிரப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு, ஜூலை மாதத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம், ஷூவுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வு.

தண்ணீரைத் தடுப்பது பெரிய விஷயமே இல்லை. கம்பூட்ஸ் போட்டால் ஒரு சொட்டும் உள்ளே வராது. ஆனால் வியர்வையும் வெளியே போகாது. அரை நாளில் கால் ஊறி, தோல் வெளுத்து, கொப்புளம் கிளம்பிவிடும். மழையைத் தடுக்க வேண்டும், அதே சமயம் வியர்வையை வெளியே விடவும் வேண்டும். இரண்டும் தண்ணீர்தான். அதைச் செய்யும் சவ்வை மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே, சாக்ஸ் வடிவில் தைத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சவ்வுகளில் புகழ்பெற்றது கோர்-டெக்ஸ். பல பத்தாண்டுகளாக அதன் மூலப்பொருளாக இருந்தது நம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான்தான். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி, மெதுவாக இழுத்து நீட்டப் பார்த்தார். ஒவ்வொன்றும் அறுந்தது. சலித்துப் போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டது; அதிசயம் என்னவென்றால், தடிமன் அவ்வளவாகக் குறையவில்லை. உள்ளே நுண்ணிய இழைகள் பிரிந்து, இடையிடையே காற்று புகுந்திருந்தது. அப்படி இழுத்த டெஃப்லானைத் தகடாக்கினால், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உள்ள சவ்வு கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். துளை இருக்கும்போது தண்ணீர் ஏன் நுழைவதில்லை? துளை சின்னது என்பது மட்டும் பதில் இல்லை. தண்ணீரின் ஒரு மூலக்கூறு சுமார் 0.3 நானோமீட்டர்தான். ஒரு மைக்ரோமீட்டர் அகலத் துளையில் மூவாயிரம் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கலாம்! தடுப்பது பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் விசை. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருள்வது போல, டெஃப்லான் மேலும் தண்ணீர் பரவ விரும்பாமல் உருண்டு நிற்கும். துளி பரப்பைத் தொடும் கோணம் சுமார் 110 பாகை. இந்தக் கோணம் 90ஐத் தாண்டினால், துளை தண்ணீரை உள்ளே இழுக்காது, எதிர்த்துத் தள்ளும். துளை சிறிதாகச் சிறிதாகத் தள்ளும் வலு கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மைக்ரோமீட்டர் துளையில் தண்ணீரைத் திணிக்க ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் வேண்டும். அதாவது பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் கனம். மழைத்துளிக்கு அந்த வலு ஏது?

ஆவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிவதால் பரப்பும் இல்லை, இழுவிசையும் இல்லை. துளை வழியே தாராளமாகப் போய்வரும். வியர்வைகூடத் துளியாக இருக்கும்வரை வெளியேற முடியாது, ஆவியானால் மட்டும்தான்.

சோப்பு பட்டால் இதே கணக்கு தலைகீழாகும். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கும், கோணம் 90க்குக் கீழே சரியும். அதுவரை எதிர்த்துத் தள்ளிய துளை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆகவே வாட்டர்ப்ரூஃப் ஷூவைத் துணி சோப்புத்தூளில் ஊறவைக்காதீர்கள். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

சரி, ஆவியை வெளியே தள்ளுவது எது? உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவி அழுத்த வித்தியாசம்தான். ஷூவுக்குள் 33 டிகிரி, வியர்வையில் நிறைந்த காற்று: ஆவி அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பனியில், பூஜ்யம் டிகிரியில், வெளிக்காற்றில் அதிகபட்சமே 0.6. வித்தியாசம் 4.4, ஆவி பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஜூலை மாத சஹ்யாத்ரியில் 24 டிகிரி, ஈரம் கிட்டத்தட்ட நூறு சதவீதம்: வெளியே 3. வித்தியாசம் 2தான், பாதிக்கும் குறைவு. போதாததற்கு மேல் துணி நனைந்து தண்ணீர் படலம் மூடிக்கொண்டால் அந்தப் பாதியும் அடைபடும்.

இந்த ஷூக்கள் குளிர்நாட்டுக் காற்றை மனதில் வைத்துப் பிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலகத்துக்கே ஷூ தைத்துக் கொடுக்கும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நம்மிடம் இருக்கின்றன. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மழைக்காலக் காற்றில் எந்த ஷூ எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளந்து, பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி வெளியிட அரசு பணம் ஒதுக்க வேண்டும். வனக்காவலர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறார்கள். மலையேறப் போகிறவர்களைவிட அவர்களுக்குத்தான் இது அவசியம்.

இன்னொன்று. ஷூவின் நாக்கை முன்னால் இழுத்துப் பாருங்கள். இருபுறமும் மடிப்பாக ஒரு துணி தைத்திருக்கும். அது எந்த உயரம் வரை தைக்கப்பட்டிருக்கிறதோ, அதுவரைதான் வாட்டர்ப்ரூஃப். ஓடையில் அதற்கு மேல் கால் வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீரை அதே சவ்வு வெளியே விடாது! வலைத்துணி ஷூவென்றால் நாலு எட்டு வைப்பதற்குள் பிதுங்கி வெளியேறிவிடும்.

அப்புறம், பாறையில் விழாமல் காப்பது சவ்வு இல்லை, அடி ரப்பர். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் நடந்த விபத்தில் ஆறு தோழர்களை இழந்த விட்டாலே பிராமானி, அதன் பிறகு உருவாக்கியதுதான் விப்ராம் ரப்பர் அடி. காய்ந்த பாறையில் ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கும்: பாறையோடு ஒட்டிக்கொள்ளும், பாறையின் மேடுபள்ளத்தில் அமுங்கியும் பிடிக்கும். ஈரத்தில் முதலாவது பெரும்பாலும் போய்விடும், இரண்டாவதை நம்பித்தான் நடக்க வேண்டும். ஆகவே சஹ்யாத்ரியின் கருங்கல் போன்ற பசால்ட் பாறைக்கு, நகத்தால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் மென்மையான ரப்பர் நல்லது. அது சீக்கிரம் தேயும், தேயட்டும். சேற்றுக்கான ஆழமான, இடைவெளி அதிகமுள்ள பற்கள் பாறையில் தொடும் பரப்பைக் குறைத்துவிடும். பாசி படர்ந்த பாறையில் எந்த ரப்பரும் உதவாது, சுற்றித்தான் போக வேண்டும்.

ஆக, ஜூலைக்கு மென்மையான அடியுள்ள வலைத்துணி ஷூவும், மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸும். டிசம்பருக்குக் கணுக்காலை மூடும் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ். எதை வாங்கினாலும் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அடுத்த அளவைக் கேளுங்கள்.