பழைய ஓவியமா, புதிய ஓவியமா: எது எளிதில் கெடும்?

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஓவியங்களைச் செப்பனிடும் பணியைச் செய்து வருகிறேன். கலைக்கூடங்களில் ஒரு வழக்கத்தைத் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். பழைய ஓவியங்கள் உள்ள அறையில் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி நடப்பவர்கள்கூட, தற்கால ஓவியங்கள் உள்ள அறைக்குள் நுழைந்ததும் அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அண்மையில் வரைந்ததுதானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம்தான் காரணம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

நம் மாவட்டத்தவர்க்கு எளிதில் எட்டக்கூடியது, திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடம். ராஜா ரவிவர்மாவின் (1848–1906) எண்ணெய் ஓவியங்கள், ரஷ்ய ஓவியர் ரோரிக்கின் இமயமலைக் காட்சிகள், தஞ்சாவூர் ஓவியங்கள், கே.சி.எஸ். பணிக்கரின் நவீன ஆக்கங்கள் என எல்லாவற்றையும் அவ்வளாகத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

எண்ணெய் வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஆண்டுக்கணக்கில் இறுகுகிறது. அதன்மேல் வார்னிஷ் பூச்சும் இருந்தால், அழுக்கு அந்தப் பூச்சோடு நின்றுவிடும். பூச்சை மட்டும் நிதானமாக நீக்கிப் புதிதாகப் பூச எங்களுக்கு வழியுண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புழக்கத்துக்கு வந்த, செயற்கைப் பிசினில் குழைத்த அக்ரிலிக் வண்ணமோ, தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றினாலும், நம் ஊர் வெப்பத்தில் சற்று இளகிய நிலையிலேயே இருப்பதால் தூசியையும் விரல் பிசுக்கையும் பிடித்துக்கொள்ளும். பல ஓவியங்களுக்கு வார்னிஷும் இராது, கண்ணாடியும் இராது. ஈரப்பஞ்சால் துடைத்தால் வண்ணமே பஞ்சில் ஏறிவிடக்கூடும்.

ஒரு கூடத்திலிருந்து என்னிடம் வந்த அக்ரிலிக் ஓவியத்தில், வெளிர்நீலப் பரப்பின் ஓரத்தில் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு யாரோ தொட்டிருக்கிறார்கள். வாசலிலேயே சிப்ஸ் விற்கும் ஊரில் இதற்காக யாரைக் குறை சொல்வது? மூன்று நாள் முயன்று கறையை மங்கச் செய்தேன். ஆனால் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் ரேகை இன்றும் தெரியும்.

அறை இருட்டாக இருக்கிறது என்று காவலரிடம் குறைபட்டுக்கொள்வோரும் உண்டு. அது மின்சாரச் சிக்கனம் அன்று. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் என்றால், நீர்வண்ண ஓவியங்களுக்கும் காகிதத்தில் வரைந்தவற்றுக்கும் ஏறத்தாழ 50 லக்ஸ் போதும் என்பதே நடைமுறை, ஏனெனில் ஒளியால் வெளுத்த நிறத்தை எந்தச் செப்பனிடுதலாலும் மீட்க முடியாது. கண் பழகச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் நிறங்கள் தாமே துலங்கும்.

முதுகுப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வோரின் பை உரசுவதே நான் அதிகம் அஞ்சும் விபத்து. நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிடுங்கள். திருவனந்தபுரம் போகும் வழியில் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்க எண்ணினால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அரண்மனை, ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் இரண்டுக்கும் அன்று விடுமுறை.