அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் ஒரு பத்திரத்தைக் கொண்டு வருவார். "பட்டா மாத்தணும்மா, நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்." பத்திரத்தின் தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருக்கும். கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால், பூர்வீக நிலத்தில் தன் பங்கைத் தங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாகவே பொருள். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். தெரியாமல் போடக்கூடாது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை பெற்றவர்கள் ஆண்கள் மட்டும்தான். தமிழ்நாடு 1989-இல் மகள்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 25.3.1989-க்கு முன்பே திருமணமானவர்களுக்கு அந்தத் திருத்தம் உதவவில்லை. 9.9.2005 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி என்றது 6-வது பிரிவு.

அப்படியானால் அப்பா 2005-க்கு முன்பே இறந்துபோயிருந்தால்? உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று, 9.9.2005 அன்று அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் சொன்னது. 2018-இல் இன்னோர் இரு நீதிபதிகள் அமர்வு, 2001-இல் தந்தையை இழந்த மகள்களுக்கும் பங்கு கொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுவது?

11.8.2020 அன்று நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, வினீதா சர்மா வழக்கில் இதற்கு விடை சொன்னது. அவர்கள் பிடித்துக்கொண்டது 'பிறப்பால்' என்ற ஒரே சொல்லை. பிறந்தவுடன் வரும் உரிமைக்கு அப்பாவின் சாவு எதற்கு? அவர் இறந்த தேதியைப் பார்க்க வேண்டியதில்லை என்றார்கள். என் பார்வையில், சட்டத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே படித்த தீர்ப்பு இது.

நடைமுறையில் என்ன வித்தியாசம்? 9 ஏக்கர் பூர்வீக நிலம். அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் 2010-இல் இறந்தார் என்று வையுங்கள். அப்பா, மகன், மகள் மூவருக்கும் முதலில் ஆளுக்கு 3 ஏக்கர். அப்பாவின் 3 ஏக்கர் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு ஏக்கராகப் பிரியும். மகளுக்குக் கிடைப்பது மகனைப் போலவே 4 ஏக்கர். பழைய 1956 கணக்கில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை ஏக்கர்தான். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பது ஊர் நியாயம். சீர்வரிசையால் இந்தப் பங்கு கழியாது.

விதிவிலக்கும் உண்டு. 20.12.2004-க்கு முன்பே முறையாக நடந்த விற்பனையும் பாகப்பிரிவினையும் செல்லும். "அப்பவே வாய்மொழியா பிரிச்சுக்கிட்டோம்" என்று சொன்னால் மட்டும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது. பதிவுசெய்த பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ வேண்டும். வாய்மொழிப் பிரிவினையை ஏற்பது அரிது. அதற்கும் அரசு ஆவணங்களின் வலுவான ஆதாரம் தேவை.

இன்னொன்று: தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தானாகச் சம்பாதித்தது, 1956-க்குப் பிறகு அவர் இறந்து வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் அம்மா, மகன், மகள், உயிரோடு இருந்தால் அப்பாவைப் பெற்ற பாட்டி, எல்லோருக்கும் சமபங்கு. 1956-க்கு முன்பே இறந்தவரின் சுயசம்பாத்தியத்துக்கும், அவருக்கு மகன் இல்லாவிட்டால் மகளே வாரிசு என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இறந்துபோன அந்தத் தந்தை 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் எடுத்த நிலம் அது. அதனால் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து, சொத்து எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

பாகப்பிரிவினை வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பிறகும் சமபங்கு கேட்கலாம். வழக்கே போடாதவர்கள் ஒரு கெடுவைக் கவனிக்க வேண்டும்: குடும்பச் சொத்திலிருந்து தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள்.